கண் இல்லாத புயல்

ஜனவரி 4, வியாழன்

பொள்ளாச்சிச் சம்பந்தியம்மா இன்று வந்து சேர்ந்தார். மருமகள் சுபாஷினிக்கு இது இரண்டாவது பிரசவம். பெற்ற தாய் வரத்தான் வேண்டும். வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோடையிலிருந்து இந்த ஹாலிஃபாக்ஸ் ஊரில் கிடந்து சமைத்து, துவைத்து, பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பி அனுப்புகிறவள் நான் இருக்கும்போது இன்னொரு ஆள் எதற்கு என்று மகனிடம் ஒரு வார்த்தை கேட்டேன். அவ்வளவுதான்.

கதவைத் திறந்ததும் யாழ்மொழி "அம்முச்சி!" என்று ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எட்டு வயதுப் பெண். அந்தப் பெயரை வைத்ததே நான்தான், எங்கள் வேதாரண்யத்து அம்மன் பெயரிலிருந்து எடுத்து. நான் வந்து இறங்கிய அன்று அவள் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். "ஹாய் அப்பாயி" என்றாள். திரும்பிப் பார்த்துத்தான் சொன்னாள்.

"நல்லா இருக்கீங்களா சம்பந்தி? குளுரு ஒத்துக்குதுங்களா?" என்று கேட்டார்.

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றேன்.

காபியில் சர்க்கரை வேண்டாம் என்றார். கை மறந்து போட்டுவிட்டது.

ஜனவரி 5, வெள்ளி

இவர் பெயர் பூங்கோதை. பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். இதை நான் எழுதாவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அவரே சொல்லிவிடுவார்.

பக்கத்து வீட்டு டக்ளஸ் தாத்தா காலையில் வாசற்படியில் உப்பு வீசிக்கொண்டிருந்தார். இங்கே பனி உறைந்து வழுக்காமலிருக்கத் தெருவெல்லாம் உப்பைக் கொட்டுகிறார்கள். உப்பளத்து ஊர்க்காரிக்கு அதைப் பார்க்க வயிறு எரிகிறது. அதை யாழிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மா குறுக்கே வந்து, உப்பு கலந்த தண்ணீர் லேசில் உறையாது, அதனால்தான் போடுகிறார்கள் என்று விளக்கினார். யாழ் வாயைப் பிளந்து கேட்டாள். வயிறு எரிகிற கதை அப்படியே நின்றுபோனது.

நான் ஐந்தாம் வகுப்பு. ஆனால் அந்த வகுப்பில் கையெழுத்துக்கு நான்தான் முதல். சம்பந்தியம்மா எழுதிய மளிகைச் சீட்டை இன்று பார்த்தேன். கோழி கிளறியது போல இருக்கிறது.

ஜனவரி 7, ஞாயிறு

இந்தக் குறிப்பை எழுதவே எனக்குப் பிடிக்கவில்லை.

யாழ் வகுப்பில் புயலைப் பற்றிப் பேச வேண்டுமாம். படம் வரைந்து எடுத்துப் போக வேண்டும். வீட்டிலிருந்து பெரியவர் ஒருவரையும் அழைத்து வரலாமாம். காலையில் இதைக் கேட்டதும் நல்ல புடவை எது என்று மனதில் யோசித்துவிட்டேன். புயலென்றால் இந்த வீட்டில் யார்? எழுபத்தேழாம் வருசத்துப் புயலை நின்று பார்த்தவள் நான். கஜா புயல் வந்தபோது, கூரை போன வீட்டுக்குள் பிள்ளைகுட்டிகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். பொள்ளாச்சியில் என்ன இருக்கிறது? தென்னை மரம் இருக்கிறது.

யாழ் நேராகப் போய், "அம்முச்சி, நீங்க வர்றீங்களா?" என்றாள்.

சம்பந்தியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்பாயியக் கேட்டியா கண்ணு?"

"அப்பாயிக்கு இங்கிலீஷ் தெரியாதே."

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வெங்காயம் எரிச்சலான வெங்காயம்.

அப்புறம் மேசையில் பாடம் ஆரம்பித்தது. நான் கேக் தட்டு என்று வைத்திருந்த நீளக் கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டார். என்னைக் கேட்கவில்லை. குறுக்கே ஓர் அட்டையைச் செருகி, ஒரு பக்கம் நீலச் சாயம் கலந்த ஐஸ் தண்ணீர், மறு பக்கம் சிவப்புச் சாயம் கலந்த வெந்நீர் ஊற்றினார். அட்டையை உருவினார். நீலம் சிவப்புக்கு அடியில் நழுவிக்கொண்டு போனது. சிவப்பு அதன் முதுகில் ஏறியது. இரண்டும் கலக்கவேயில்லை.

"இந்த ஊர்ப் புயல் இப்படித்தான் கண்ணு பொறக்குது. வடக்கிருந்து குளுந்த காத்து, தெக்கிருந்து சூடான காத்து. ரெண்டும் மோதி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறிச் சுத்த ஆரம்பிக்கும். அப்பாயி ஊர்ப் புயலு வேற. அதுக்கு ரெண்டு காத்து வேண்டாம். ஒரே காத்துதான். சூடான கடலு இருந்தாப் போதும். கடல் ஆவியக் குடிச்சுக் குடிச்சே வளரும்."

"எது பெருசு அம்முச்சி?"

"பரப்புல பாத்தா இந்த ஊர்ப் புயல்தான். ஒரு நாடே அதுக்குள்ள அடங்கும். ஆனா அப்பாயி ஊர்ப் புயலு மாதிரி காத்து அடிக்காது."

இந்தக் கடைசி வாக்கியத்தை எனக்குக் கேட்கும்படி சொன்னதாகத் தோன்றியது. எனக்கு யாரும் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை.

ஜனவரி 8, திங்கள்

ரசத்தில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஜனவரி 9, செவ்வாய்

இன்று நான் விடவில்லை. யாழ் பள்ளியிலிருந்து வந்து பால் குடிக்கும்போது ரசப் பாத்திரத்தை இறக்கி அவள் முன்னால் வைத்து, கரண்டியால் ஒரே பக்கமாகச் சுழற்றினேன். நடுவில் குழி விழுந்தது.

"இதுதான்டி கண்ணு. புயலு நம்ம தலைக்கு மேல வரும்போது ஓலை, ஓடு, மரம் எல்லாம் பேயாட்டம் ஆடும். திடீருன்னு நின்னுரும். சுத்தமா நின்னுரும். மேல பாத்தா நட்சத்திரம் தெரியும். காகம் கத்தும். எல்லாரும் முடிஞ்சுதுன்னு வெளிய வருவாங்க. அப்பதான் எமன் வருவான். எந்தத் திசையில அடிச்சுதோ அதுக்கு எதிர்த்திசையிலேருந்து ரெண்டாவது காத்து வரும்."

எழுபத்தேழில் என் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன், அந்த அமைதியில் மாட்டை அவிழ்த்துவிடப் போனார். திரும்பவில்லை. கொட்டகைச் சுவர் அவர் மேல் விழுந்தது. அப்போது நான் புதுப்பெண். வாசலில் நின்று போகாதீங்க என்று சொல்ல எனக்குத் துணிச்சலில்லை. கஜா வந்தபோது சொன்னேன். வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்து ஒருவரையும் விடவில்லை. எங்கள் தெருவில் இன்றைக்கும் அதைச் சொல்வார்கள்.

யாழின் பால் ஆறிப்போயிருந்தது. அவள் குடிக்க மறந்துவிட்டாள். இதை எழுதும்போதுகூடச் சந்தோசமாக இருக்கிறது.

சம்பந்தியம்மாவும் வந்து உட்கார்ந்துவிட்டார். கேள்வி மேல் கேள்வி. "அந்தக் கண்ணுக்குள்ள நிக்கும்போது காதுல எப்படி இருக்குமுங்க? காத்து வெக்கையா இருக்குமுங்களா? கடல் சத்தம் கேக்குமுங்களா?" பரீட்சை வைக்கிறாராம். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"எத்தனையோ வருசம் இந்தப் பாடம் எடுத்தேனுங்க. ஒரு புயலும் பாத்ததில்ல" என்றார். படித்தவர்களுக்கு அடக்கமாகப் பேசவும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போல.

யாழ் இடையில், "அப்பாயி, இந்த ஊர்ப் புயலுக்குக் கண்ணு கிடையாதாம். அம்முச்சி சொன்னாங்க" என்றாள்.

கண் இல்லாத புயல் எங்கேயாவது உண்டா? பாத்திரத்தில் சாயத் தண்ணீர் ஊற்றினால் புயல் தெரிந்துவிடுமா?

ஜனவரி 10, புதன்

மகன் மணிமாறன் வேலையாக மாங்க்டன் போயிருக்கிறான். காரில் போகிற தூரம்தான். சுபாவுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதென்று டாக்டர் சொல்லியிருப்பதால் போனான். "அம்மா, நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்க, எனக்குக் கவலையில்ல" என்றான். ரெண்டு பேரும் என்றான்.

வெள்ளிக்கிழமை புயல் வருமென்று டிவியில் சொல்கிறார்கள்.

ஜனவரி 11, வியாழன்

தண்ணீர் பிடித்து வைத்தேன். மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பிஸ்கட், அரிசிப்பொரி எல்லாம் எடுத்து வைத்தேன். சம்பந்தியம்மா சோபாவில் உட்கார்ந்து போனில் வானிலைப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரவர் வேலை அவரவருக்கு.

ஜனவரி 12, வெள்ளி

ஆண் பிள்ளை. உயிரோடு இருக்கிறான். சுபா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பிறகு எழுதுகிறேன்.

ஜனவரி 13, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்று காலை கிழக்கிலிருந்து காற்றோடு பனி கொட்டியது. பள்ளிக்கூடம் விடுமுறை. பிறகு பனி மழையாக மாறியது. தென்கிழக்குக் காற்று, நல்ல காற்று. ஜன்னல் அதிர்ந்தது. எதிர்வீட்டு வேலி பிடுங்கிக்கொண்டு போனது. சம்பந்தியம்மா முகம் வெளுத்துப்போய் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கோ ஊருக்குப் போன மாதிரி இருந்தது. ஜன்னலோரம் நிற்காதே, அந்தக் கதவுக்கு நாற்காலியை வை என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தேன். எல்லோரும் கேட்டார்கள். சம்பந்தியம்மாவும் கேட்டார்.

மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் சுபாவுக்கு இடுப்பு வலி பிடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். அந்த நேரம் பார்த்துக் காற்று நின்றது.

சுத்தமாக நின்றது. மழையும் தூறலாகிவிட்டது. கதவைத் திறந்தால் வெளியே நம் ஊர் மார்கழிக் காலை போல இதமாக இருந்தது. பனியெல்லாம் உருகி ஓடிக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு காகம் கத்தியது.

டக்ளஸ் தாத்தா ஓடி வந்து கதவைத் தட்டினார். யாழ்தான் தமிழில் சொன்னாள்: "இப்ப ரோடு நல்லா இருக்காம். சாயங்காலம் எல்லாம் ஐஸ் ஆயிடுமாம். அவர் வண்டியில உடனே போயிடலாமாம்."

சுபா கோட்டைப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். நான் வாசலை மறித்தேன்.

"யாரும் வெளிய போகக் கூடாது. இது கண்ணு. இப்ப ரெண்டாவது காத்து வரும். நடுரோட்டுல மரம் விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"அத்தை, ஆஸ்பத்திரியில உடனே வரச் சொல்றாங்க" என்றாள் சுபா.

"அவங்களுக்கு என்ன தெரியும்? வலி இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. அந்தக் காத்தும் வந்து போகட்டும். அப்புறம் கௌம்புவோம்."

சுபா அவள் அம்மாவைப் பார்த்தாள். சம்பந்தியம்மா ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னவோ கோயில் கோபுரத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "நீங்க பாத்தவங்க சம்பந்தி. நீங்க சொன்னாச் சரிங்க."

இந்த வீட்டுக்கு அவர் வந்ததிலிருந்து நான் காத்திருந்த வார்த்தை அது. அதைக் கேட்டதும் உடம்பெல்லாம் குளிர்ந்துபோனது. உள்ளதைத்தான் எழுதுகிறேன்.

டக்ளஸ் தாத்தா தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

காத்திருந்தோம். கண் கடந்து போகிற நேரம் எனக்குத் தெரியும். உலை கொதித்துச் சோறு வடிக்கிற நேரத்துக்கு மேல் நீடித்ததில்லை. இங்கே சோறு வடித்து, ஆறி, காய்ந்தே போயிருக்கும், காற்று வரவில்லை. சுபா கூடத்துக்கும் அறைக்குமாக நடந்துகொண்டேயிருந்தாள். "வரும், வரும்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். போகப்போக என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

வெளிச்சம் மங்குகிற நேரத்துக்கு வந்தது. மேற்கிலிருந்து வந்தது. நான் சொன்ன எதிர்த்திசைதான். ஆனால் என் ஊர்க் காற்று இல்லை அது. கத்தி மாதிரி இருந்தது. ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றது. படி, தெரு, மரக்கிளை எல்லாம் கண்ணாடி. கரண்டும் போய்விட்டது. சுபா பல்லைக் கடித்துக்கொண்டு, "அம்மா, முடியல" என்று கத்தினாள். அவள் கூப்பிட்டது அவள் அம்மாவைத்தான்.

சம்பந்தியம்மா ஆம்புலன்சைக் கூப்பிட்டார். வண்டி எங்கள் மேட்டில் ஏற முடியாமல் கீழேயே நின்றுவிட்டது. காலணியில் ஆணி மாட்டிய இரண்டு பேர் தூக்குப்படுக்கையோடு நடந்தே ஏறி வந்தார்கள். எங்கள் வாசற்படியில் கால் வைக்க இடமில்லை. வாளியிலிருந்த உப்பை வாரி வீசினேன். தீர்ந்துபோனது. சம்பந்தியம்மா சமையலறையிலிருந்து உப்பு டப்பாவைக் கொண்டு வந்தார். படியில் இறங்கும்போது அவருக்கு வழுக்கியது. கையைப் பிடித்தேன். எனக்கும் வழுக்கியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, விழவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், இன்னொரு கையால் உப்பை வீசினோம். யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

வண்டியில் ஒருவர்தான் கூடப் போகலாம் என்றார்கள். சம்பந்தியம்மா போனார். பெற்றவள், இங்கிலீஷ் தெரிந்தவள். நான் போகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில், வண்டிக்குள்ளேயே பிள்ளை பிறந்திருக்கிறான். சுபாவுக்கு ரத்தம் நிறையப் போய்விட்டதாம். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

நானும் யாழும் இருட்டில் ஒரே கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தோம். அவள் கேட்டாள்: "அப்பாயி, இதுதான் ரெண்டாவது காத்தா?"

"இல்லடி. இது வேற."

"உங்க ஊர்ப் புயல் எப்படிச் சாகும்?"

"கரையேறுனா செத்துப்போகும். தரையில அதுக்குக் குடிக்கத் தண்ணி ஏது?"

"இது தரையிலயும் சாகாதாம். அந்தக் குளிர் காத்தும் சூடான காத்தும் சண்டை போடுற வரைக்கும் இருக்குமாம். ரெண்டும் ஒண்ணாக் கலந்துட்டாத்தான் சாகுமாம்."

"யாரு சொன்னா?"

"அம்முச்சி."

அப்படியா என்றேன். கம்பளியை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

ஜனவரி 14, ஞாயிறு

சாலை திறந்து மணிமாறன் மதியம் வந்துவிட்டான். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், சம்பந்தியம்மாவையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சுபா நாளைக்கு வந்துவிடுவாள். பயமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். இதை முதலில் எழுதிவிட வேண்டும்.

டக்ளஸ் தாத்தா வாசலிலேயே சொல்லியிருப்பார் போல. அவன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "டக்ளஸ் கூப்பிட்டப்பவே ஏன் போகல? யாரு வேணாம்னு சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தியம்மா, "நாந்தானுங்க மாப்ள. மரம் கிரம் விழுந்துருமோன்னு நாந்தான் தடுத்துட்டேன்" என்றார்.

மணிமாறன் தலையைக் குனிந்துகொண்டான். மாமியாரை அவனால் என்ன சொல்ல முடியும்? "சரிங்க அத்தை, விடுங்க" என்றான்.

சுபா ஆஸ்பத்திரியில் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாள். யாழ் என்னையே பார்த்தாள். பேசாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று எழுத? என் கேக் தட்டை எடுத்துக்கொண்டார். என் புயலைப் பாடமாக்கிக்கொண்டார். பேத்தியை எடுத்துக்கொண்டார். ஆம்புலன்சில் போனார், பிள்ளையை முதலில் கையில் வாங்கினார். இப்போது நான் செய்த தப்பையும் எடுத்துக்கொண்டு பெரிய மனுசியாகப் போகிறாரா?

"நீங்க என்னத்தத் தடுத்தீங்க?" என்றேன். "வாசல்ல குறுக்க நின்னது நானு. கண்ணுன்னு சொன்னது நானு. டேய் மாறா, உன் பொண்டாட்டிய போகவிடாம வச்சது நான்தான்டா. திட்டுறதா இருந்தா என்னையத் திட்டு."

"சம்பந்தி, சும்மா இருங்க…"

"நீங்க சும்மா இருங்க. பாவம் பாக்க வேணாம். எனக்கு யாரு பாவமும் வேணாம்."

சம்பந்தியம்மாவுக்கும் கோபம் வந்துவிட்டது. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. மூக்கு நுனி சிவந்துவிட்டது. "பாவம் ஆரு பாத்தாங்க? உங்களுக்குத் தெரியாமச் செஞ்சீங்க. எனக்குத் தெரியுமுங்க! இதுல கண்ணு வராதுன்னு தெரியும். சூடான பக்கம் கடந்து போகுது, அடுத்தாப்பல குளுரு வரும்னு தெரியும். நாப்பது வருசம் கரும்பலகையில வரைஞ்சிருக்கேன். தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தேனுங்க."

"ஏன்?" என்றான் மணிமாறன்.

அவர் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். "அன்னைக்கு இவங்க அந்தக் கண்ணப் பத்திச் சொன்னாங்க பாருங்க… நட்சத்திரம் தெரியும், காகம் கத்தும்னு. அன்னையிலருந்து எனக்கு மனசு கேக்கல மாப்ள. படிச்சது நானு, பாத்தது இவங்க. வெளிய காகம் கத்துனதும், ஒருவேள நம்ம புஸ்தகம்தான் தப்போ, நானும் ஒருக்கா கண்ணுக்குள்ள நின்னுட்டேனோன்னு… என்ர புள்ள வலியில நிக்கும்போது, நான் வானத்தப் பாத்துட்டு நின்னனுங்க. அப்ப ஆரு தப்பு பெருசு?"

"என்னோடதுதான் பெருசு" என்றேன்.

"எப்படிங்க? தெரிஞ்சு செய்யறது பெருசா, தெரியாமச் செய்யறது பெருசா?"

"கதவ மறிச்சது யாரு? நீங்களா மறிச்சீங்க?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துறீங்களா?" என்று மணிமாறன் தலையைப் பிடித்துக்கொண்டான். "எம் பொண்டாட்டி படுத்துக்கிடக்கா. இங்க தப்புக்கு ஏலம் போடுறீங்க."

நிறுத்தினோம். காபி போட்டேன். இந்த முறை அவருக்குச் சர்க்கரை போடவில்லை.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். சுபாவும் குழந்தையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சுபா இரண்டு கைகளையும் நீட்டி, குழந்தையை முதலில் யாரிடம் கொடுப்பதென்று திகைத்தாள். அவள் முகம் இன்னும் வெளுத்துத்தான் இருந்தது. "மொதல்ல நீ உக்காரு" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

தனியாக இருந்தபோது சுபாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது மன்னிப்பா இல்லையா என்று தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன்.

யாழ் படத்தை முடித்துவிட்டாள். ஒரு பக்கம் என் புயல், நடுவில் கண்ணோடு. மறு பக்கம் இந்த ஊர்ப் புயல், நீலமும் சிவப்புமாக. வியாழக்கிழமை பள்ளிக்கு இரண்டு பேரும் வர வேண்டுமாம். நான் தமிழில் சொல்ல வேண்டும், அம்முச்சி இங்கிலீஷில் சொல்ல வேண்டும்.

"நான் சொன்னத அப்படியே சொல்லுவாங்களா, இல்ல அவங்களா சேத்துக்குவாங்களா?" என்று யாழிடம் கேட்டேன்.

சமையலறையிலிருந்து பதில் வந்தது: "ஒரு வார்த்த சேக்க மாட்டேனுங்க சம்பந்தி. ஆனா அந்த நட்சத்திரத்த விட்றாதீங்க."

பொங்கல் பொங்கும்போது அவர் பக்கத்தில் நின்றார். அடுப்பைப் பார்த்தபடி, "இன்னும் கோவமா?" என்று கேட்டார்.

யோசித்துத்தான் பதில் சொன்னேன். "பாதித் தப்பு உங்களுக்குத் தர்றேன். போனாப் போகுது."

"பாதிதானா?"

"பாதிதான்" என்றேன். எது பெரிய பாதி என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்கமாட்டேன்.